சின்ன துரையின் இரண்டு வண்டிகள்

அன்று சின்ன துரை பங்களாவின் வண்டிக் கொட்டகை முன்னால் நின்றவர்கள் ஐந்து பேர். முதலில் சின்ன துரை, அதாவது தேயிலைத் தோட்டத்தின் துணை மேனேஜர். ஈப்போக்காரர், முப்பது வயதுக்குள்தான் இருக்கும். அடுத்து என் தாய்மாமா கருப்பையா, அதே தோட்டத்தில் கங்காணியாக இருந்து ஓய்வு பெற்றவர். மாமாவின் மகள் லெட்சுமி. பக்கத்து ஊரான திரிங்காப்பில் காய்கறி வாங்கி லோரியில் அனுப்பும் ஆ செங். கடைசியாக நான், சிங்கப்பூரில் ஒரு டயர் கடையில் வேலை செய்பவன். ஒரு நாயும் இருந்தது. யாருடையது என்று தெரியவில்லை. கடித்துவிடுமோ என்று கடைசிவரை அதன்மேல் ஒரு கண் வைத்திருந்தேன்.

எங்கள் முன்னால் இரண்டு வண்டிகள் நின்றன. மோட்டார் சைக்கிளுக்கு இருப்பது போல் கைப்பிடி, காருக்கு இருப்பது போல் நான்கு சக்கரம். சக்கரம் ஒவ்வொன்றும் பூசணிக்காய் மாதிரி உப்பியிருந்தது. காட்டுப் பாதையில் ஓட்டுவதற்கென்றே ஜப்பான்காரன் செய்த சாமான். சின்ன துரை வேலையை விட்டு வெளிநாடு போகிறார், அதனால் இரண்டையும் விற்கிறார். ஒன்றை லெட்சுமி வாங்கப் போகிறாள். எது நல்லது என்று பார்த்துச் சொல்லத்தான் நான் எல்லை தாண்டி வந்திருந்தேன்.

எண்பத்தேழாம் வருடம் அது. ஒரு நாள் கடைக்கு லெட்சுமியின் டெலிபோன் வந்தது. முதலாளி முகத்தைச் சுளித்துக்கொண்டு என்னிடம் நீட்டினார்.

"அத்தான், டயர் கடையிலதானே இருக்கீங்க. வண்டி வாசி உங்களுக்குத் தெரியும். வந்து பாத்துச் சொல்லிட்டுப் போங்க லா."

அவ்வளவுதான், லைன் போய்விட்டது. அந்த வாரம் முழுக்க அந்த வாக்கியத்தையே மனசுக்குள் ஓட்டிக்கொண்டிருந்தேன். "வந்து" என்று சொன்னாளே என்பதில்தான் என் நினைப்பு இருந்தது. "போங்க" என்றும் அதே வாக்கியத்தில் சொல்லியிருந்தாள். அதை நான் சரியாகக் கவனிக்கவில்லை.

விஷயத்தை இங்கேயே சொல்லிவிடுகிறேன். லெட்சுமியை எனக்குக் கட்டிவைப்பதாக ஒரு காலத்தில் பேச்சிருந்தது. நான் மூன்றாம் வகுப்போடு படிப்பை விட்டவன். மாமா யோசித்தார். யோசித்து முடிப்பதற்குள் திரிங்காப்பில் சொந்தமாகக் காய்கறி போட்டிருந்த ஒருவர் பெண் கேட்டு வந்துவிட்டார். நல்ல மனிதர். மூன்று வருடத்துக்கு முன்பு இறந்துபோனார். பிள்ளை இல்லை. அந்த நிலத்தை லெட்சுமியே பார்த்துக்கொள்கிறாள். நான் இன்றுவரை வேறு பெண் பார்க்கவில்லை. ஏன் என்று யாரும் கேட்டால் வீடு சின்னது என்பேன்.

கிளம்புவதற்கு முன்னாலேயே எனக்குக் கவலைகள் ஆரம்பித்துவிட்டன. பாஸ்போர்ட்டில் இருக்கும் படம் என்னைப் போல் இல்லையே, விடுவானா? மலையில் மண் சரிந்தால்? குளிரில் நெஞ்சு அடைத்தால்? இரண்டு ஸ்வெட்டர் வாங்கினேன். ஒன்று தொலைந்தால் இன்னொன்று இருக்கட்டும் என்று.

அடிவாரத்துத் தாப்பாவிலிருந்து மலை ஏறும் பஸ்ஸைப் பற்றி எவ்வளவு சொன்னாலும் தகும். ஒரு வளைவு முடிந்தது என்று மூச்சு விடுவதற்குள் அடுத்த வளைவு. பக்கத்து சீட்டில் இருந்த மலாய் அம்மா என் முகத்தைப் பார்த்துவிட்டு, உப்பும் புளிப்புமாக ஒரு காய்ந்த பழத்தை வாயில் போடச் சொன்னார். "கண்ணை மூடாதே, தூரத்து மலையைப் பார்" என்றார் மலாயில். பார்த்தேன். மலையும் சேர்ந்து சுற்றியது. அப்புறம் அவர் ஒரு பிளாஸ்டிக் பையை எடுத்துக் கையில் கொடுத்துவிட்டு, தன் மூட்டையைக் கொஞ்சம் தள்ளி வைத்துக்கொண்டார்.

பாதி மலையில் பஸ்ஸின் பின்சக்கரம் வெடித்தது. டிரைவரும் கண்டக்டரும் ஜாக்கியை எங்கே போடுவது என்று சண்டை போட்டார்கள். எனக்குப் பொறுக்கவில்லை. இறங்கிப் போய் நானே சக்கரத்தை மாற்றிக் கொடுத்தேன். வாந்தியும் நின்றுவிட்டது. "நீ தினமும் வா" என்றார் டிரைவர். வந்த இடத்தில் வேலை தெரிந்தவன் என்று ஒரு ஆளாவது சொன்னானே என்று எனக்குக் கொஞ்சம் தைரியம் வந்தது. அந்தத் தைரியம் என்ன வேலை செய்தது என்பது பின்னால் தெரியும்.

பஸ் போய் நின்ற தானா ராத்தாவில் லெட்சுமி தன் பழைய ஜீப்போடு நின்றிருந்தாள். ரப்பர் பூட்ஸ், ஆண்பிள்ளைச் சட்டை, கழுத்தில் ஒரு துண்டு. நெற்றியோரம் கொஞ்சம் நரை.

"மெலிஞ்சிட்டீங்களே அத்தான். அங்க அரிசி கிடைக்கலையா?"

"பஸ்ஸுலதான் மெலிஞ்சேன்."

அவள் சிரித்தாள். அந்தச் சிரிப்பு மாறவில்லை. நான் பையை மடியில் வைத்துக் கட்டிப்பிடித்துக்கொண்டு உட்கார்ந்தேன். ஜீப்புக்கு என் பக்கத்தில் கதவு இல்லை.

தோட்டத்துச் சாலையில் போகும்போது இரண்டு பக்கமும் தேயிலை. எங்கள் ஊரில் புல்லைக்கூட நகராட்சிதான் இப்படி ஒரே மட்டமாக வெட்டும். இங்கே மலை முழுக்க அப்படி வெட்டி வைத்திருக்கிறார்கள். பத்தாவது மாடியில் இருந்து எதிர் பிளாக்கின் சன்னலைப் பார்த்தே பழகிய கண்ணுக்கு, பார்க்க ஒன்றுமே தடுக்காமல் இருந்தது பயமாக இருந்தது.

"காய் ஏத்தவா துரையோட வண்டியை வாங்குற?" என்று கேட்டேன்.

"காய் ஏத்த ஆ செங் லோரி இருக்கு. இது எனக்கு."

"உனக்குன்னா?"

"ஓட்ட." ஜீப்பை நிறுத்தி, தேயிலைக்கு மேலே காடு ஆரம்பிக்கும் முகட்டைக் காட்டினாள். "கல்யாணம் வரைக்கும் இந்த மலைக்குக் கீழதான் கொழுந்து எடுத்தேன். அந்த மேட்டுக்கு அந்தாண்ட போனதே இல்ல. அங்க வேலை இல்ல, அதனால யாரும் போறதில்ல. இப்ப ஞாயித்துக்கிழமை அப்பாவைப் பாக்க வரப்ப, சின்ன துரை அந்தப் பாதையில ஏறிப் போவாரு. சத்தம் கேட்டுக்கிட்டே இருக்கும். மேட்டுல ஏறினதும் பட்டுன்னு நின்னுரும். அப்புறம் ஒண்ணும் கேக்காது. எங்கதான் போறாருன்னு எனக்கு அதே நெனப்பா இருக்கும் அத்தான்."

நாற்பதை நெருங்கும் பெண் பேசும் பேச்சா இது? "கீழே விழுந்தா?" என்றேன்.

"எழுந்திரிக்கலாம்."

அன்று இரவு மாமாவின் லயத்து வீட்டில், அதாவது தோட்டத் தொழிலாளர்களின் வரிசை வீட்டில், சாப்பாடு. காலையில் பறித்த முட்டைகோஸில் பொரியல், நெத்திலி சம்பல், சுடச்சுட ரசம். எங்கள் ஊர் மார்க்கெட்டில் வாங்கும் முட்டைகோஸும் இந்த மலையில் விளைந்ததுதான், ஆனால் அங்கே வந்து சேர்வதற்குள் அதற்கும் என்னைப் போலவே களைப்பு வந்துவிடுகிறது. இங்கே அது வாயில் நொறுங்கியது. மூன்று முறை சோறு வாங்கினேன். லெட்சுமி சாப்பிட்டதும் ஜீப்பை எடுத்துக்கொண்டு திரிங்காப் போய்விட்டாள். இரண்டு ஸ்வெட்டரையும் ஒன்றன்மேல் ஒன்றாகப் போட்டுக்கொண்டு படுத்தேன்.

மறுநாள்தான் நான் முதலில் சொன்ன நாள். "பசியாறிட்டீங்களா?" என்று கேட்டுக்கொண்டே லெட்சுமி வந்தாள். மாமாவையும் ஏற்றிக்கொண்டு பங்களாவுக்குப் போனோம். ஆ செங் எங்களுக்கு முன்பே வந்து நின்றார். அவருக்கும் ஒரு வண்டி வேண்டுமாம்.

இரண்டையும் நான் நன்றாகவே பார்த்தேன். செயினைத் தொட்டேன், எண்ணெயைப் பார்த்தேன், ஸ்டார்ட் பண்ணிப் புகை என்ன நிறம் என்று கவனித்தேன். இரண்டிலும் குறையில்லை. பச்சை வண்டி கனமானது. முன்னும் பின்னும் சாமான் கட்டக் கம்பித் தட்டு, பின்னால் போக ரிவர்ஸ் கியர், நீளமான சீட்டு. சிவப்பு வண்டி தாழ்வாக, இடுப்பு ஒடுங்கி இருந்தது. தட்டு இல்லை, ரிவர்ஸ் இல்லை. காலால் கியர் போட வேண்டும், கட்டைவிரலால் தள்ளினால் வேகம். முன்சக்கரம் இரண்டுக்கும் தனித்தனி ஸ்பிரிங். சீட்டு குட்டையாக, ஒரு ஆளுக்கு மட்டும். சாமான் குறைவு, ஆனால் விலை பச்சையைவிட அதிகம்.

"பச்சை வேலைக்கு, செவப்பு வெளையாட்டுக்கு" என்றார் சின்ன துரை. "காட்டுப் பாதையில போறதுன்னா செவப்புதான். நீங்க ஒடம்பைச் சாய்ச்சா அது கேக்கும். பச்சை கேக்காது, அது போக்குலதான் போகும்."

"ரிவர்ஸ் இல்லாம எப்படிங்க?" என்றேன் நான். "குறுக்கால பள்ளம் வந்தா? புலி வந்தா?"

"எறங்கி, பின்னாடி தூக்கித் திருப்பிக்கலாம்."

"புலி அதுவரைக்கும் நிக்குமா?"

"மாட்டுக்கும்தான் ரிவர்ஸ் இல்ல. அது ஊரு வந்து சேரலையா?" என்றாள் லெட்சுமி.

நான் விடவில்லை. பச்சையின் கனம், அதன் பிரேக், அதன் தட்டு என்று ஒவ்வொன்றாகச் சொல்லி, கடைசியில் வாயில் வந்ததைச் சொல்லிவிட்டேன். "இதுல பின்னாடி ஒருத்தர் உக்காரலாம்."

ஆ செங் மலாயில் கேட்டார்: "யார் உட்காருவது? என் முட்டைகோஸா?" அவருக்குப் பச்சை வண்டிமேல் கண். லெட்சுமி கழுத்துத் துண்டை எடுத்துச் சிவப்பு வண்டியின் சீட்டைத் துடைத்தாள்.

அப்போது மாமா முன்னால் வந்தார். எலுமிச்சம்பழம் வைக்காமல் எந்த வண்டியிலும் தன் மகள் ஏறக்கூடாது என்றார். சும்மா ஓட்டிப் பார்க்கத்தானே என்று சின்ன துரை சொன்னதற்கு, விழுகிறவர்கள் சும்மா ஓட்டிப் பார்க்கும்போதுதான் விழுகிறார்கள் என்றார். எனக்கும் அது சரியாகப் பட்டது. மாமா மடியிலிருந்து எட்டுப் பழம் எடுத்தார். "எந்த வண்டி நாலையும் சுத்தமா நசுக்குதோ, அதை எடுப்போம்." சின்ன துரை சிரித்துக்கொண்டே சாப்பிட உள்ளே போய்விட்டார்.

சக்கரத்துக்கு ஒரு பழம் வைத்து, சூடம் காட்டி, நானும் லெட்சுமியும் முதலில் சிவப்பைத் தள்ளினோம். சக்கரங்கள் பழத்தின்மேல் ஏறி இறங்கின. பின்னால் பார்த்தால் நாலு பழமும் மண்ணில் லேசாக அழுந்தி, முழுசாகக் கிடந்தன. பச்சையைத் தள்ளினோம். அதிலும் ஒரு பழம்கூட நசுங்கவில்லை.

மாமாவின் முகம் கறுத்துவிட்டது. "தோட்டத்து வண்டி எல்லாத்துக்கும் நான்தான் பழம் வச்சேன். டிராக்டர், லோரி, ஆம்புலன்ஸ். ஒண்ணுகூட இப்படிப் பண்ணலை. வேணாம்மா. ரெண்டும் வேணாம்."

லெட்சுமி என்னைப் பார்த்தாள். அப்படி அவள் என்னைப் பார்த்து எத்தனையோ வருடம் ஆகிவிட்டது. நான் குனிந்து டயரைக் கட்டைவிரலால் அழுத்தினேன். விரல் உள்ளே போனது. எனக்குச் சந்தோஷமாகிவிட்டது. "மாமா, சாமிக்கும் பழத்துக்கும் ஒண்ணுமில்ல. டயருல காத்தே இல்ல."

ஜீப்பில் கால் பம்பு இருந்தது. எட்டு டயருக்கும் அடித்தேன். கையால் தட்டினால் மேளம் போல் சத்தம் வரும்வரை அடித்தேன். முதுகில் வேர்வை, ஸ்வெட்டர் இரண்டையும் கழற்றிவிட்டேன். லெட்சுமி அவற்றை வாங்கிக் கையில் வைத்துக்கொண்டாள். மறுபடியும் பழம் வைத்துத் தள்ளினோம். பட், பட் என்று எட்டும் வெடித்தன. "சாமிக்கு ரெண்டும் சம்மதம்" என்றார் மாமா. ஆ செங்கூடக் கை தட்டினார்.

லெட்சுமி சின்ன துரையின் ஹெல்மெட்டை மாட்டிக்கொண்டு சிவப்பில் ஏறினாள். தேயிலைக்கு நடுவே போகும் பாதையில் முதல் கல் வந்ததும் வண்டி துள்ளியது. இரண்டாவது கல்லில் ரப்பர் பந்து போல் குதித்தது. மூன்றாவதில் வண்டி ஒரு பக்கமும் அவள் ஒரு பக்கமும் போனார்கள்.

நான் ஓடினேன். கத்தினேனா என்று தெரியவில்லை. தேயிலைச் செடிகளின்மேல் மல்லாந்து கிடந்தாள். முழங்கையில் ரத்தம். கண் திறந்திருந்தது.

"அத்தான்" என்றாள் மேலே பார்த்துக்கொண்டே. "டயருக்குள்ள என்னா வச்சீங்க, தவளையா?"

சின்ன துரை சாப்பிட்ட கையோடு ஓடிவந்தார். அவளைத் தூக்கி உட்கார வைத்துவிட்டு, டயரை ஒரு தட்டுத் தட்டினார். "யாரு காத்து அடிச்சது?"

"நான்தாங்க."

"இதுக்கு மூணு பவுண்டு காத்து போதும். டயர் அமுங்கணும். கல்லை அதுதான் வாங்கிக்கணும், ஆள் இல்ல." ஒரு தீக்குச்சியை எடுத்து வால்வில் குத்தினார். நான் அடித்த காற்றெல்லாம் உஸ் என்று போனது. வெகுநேரம் போனது. சிறு வயதிலிருந்து டயரோடு இருக்கிறேன். என் கண் முன்னால் காற்று இறங்கும் சத்தத்தை அன்றுபோல் தலைகுனிந்து நான் கேட்டதில்லை.

"போதும் லெட்சுமி" என்றேன். "பச்சை எடு. இல்லாட்டி எதுவும் வேணாம்."

அவள் தண்ணீர் வாங்கிக் குடித்தாள். முழங்கையில் துண்டைச் சுற்றினாள். மறுபடியும் சிவப்பில் ஏறி, கட்டைவிரலை மெதுவாகத் தள்ளினாள். இந்த முறை வண்டி கல்மேல் ஏறி இறங்கியது தெரியவேயில்லை. வளைவில் அவள் உடம்பைச் சாய்த்தாள், வண்டியும் சாய்ந்தது. தேயிலைக்கு மேலே சிவப்பு மட்டும் தெரிந்தது, பிறகு சத்தம் மட்டும். முகட்டில் ஏறியதும் அதுவும் பட்டென்று நின்றது.

காத்திருந்தோம். பனி இறங்க ஆரம்பித்தது. மாமா வெற்றிலை போட்டுக்கொண்டார். இதற்குள் ஆ செங் சின்ன துரையிடம் பேசி, பச்சை வண்டிக்குப் பணம் எண்ணிக் கொடுத்துவிட்டார். நான் போய்ப் போய்ப் பாதையைப் பார்த்துவிட்டு வருவதைக் கவனித்துவிட்டு மலாயில் சொன்னார்: "ஒன்று உட்கார்ந்து டீ குடி. இல்லை, ஏறு, போய்ப் பார்ப்போம்."

ஏறினேன். நான் அவ்வளவு புகழ்ந்த பின்சீட்டில், முட்டைகோஸ் வியாபாரியின் இடுப்பைக் கட்டிப்பிடித்துக்கொண்டு போனேன். எட்டு டயரில் நாலில் மட்டும்தான் காற்றை இறக்கியிருக்கிறார்கள் என்பது முதல் கல்லில்தான் ஞாபகம் வந்தது. முகடுவரை நாங்கள் இருவரும் சீட்டில் இருந்த நேரத்தைவிடச் சீட்டுக்கு மேலே இருந்த நேரம்தான் அதிகம்.

லெட்சுமி முகட்டுக்கு அந்தப் பக்கம் வண்டியை அணைத்துவிட்டு, அதன்மேலேயே உட்கார்ந்திருந்தாள். மரமெல்லாம் பாசி. எதிரே மலைக்குப் பின்னால் மலை, அதற்குப் பின்னால் மலை. ஒரு வீடு இல்லை, ஒரு செடியை யாரும் வெட்டி வைக்கவில்லை.

"என்னா இருக்கு?" என்றேன்.

"ஒண்ணுமில்ல அத்தான். அதான் நல்லாருக்கு."

ஆ செங் டயரைப் பார்ப்பது போல் தள்ளிப்போய்க் குனிந்துகொண்டார். அவருக்குத் தமிழ் புரியாது என்று நினைத்துக்கொண்டேன். திரிங்காப்பில் தமிழர்களோடு காலமெல்லாம் வியாபாரம் செய்தவருக்குப் புரியாமலா இருக்கும்?

"இங்க டயர் கடை இல்லையாமே" என்றேன். "நான் இங்கயே வந்து ஒண்ணு போட்டா என்னா?"

அவள் ஹெல்மெட்டை மடியில் வைத்து அதன் வாரை இழுத்துக்கொண்டிருந்தாள்.

"அப்பா வீட்டுல இருந்து அவரு வீட்டுக்குப் போனேன். ரெண்டு பேரும் நல்லவங்கதான், கொறை சொல்லலை. ஆனா எங்க போனாலும் யாராச்சும் ஒருத்தரோட போகணும், இல்லாட்டி யாருக்காச்சும் போகணும். இன்னிக்குத்தான் சும்மா வந்திருக்கேன். இது ஒரு ஆள் சீட்டு அத்தான். எனக்கு இப்ப அது சரியா இருக்கு."

"இப்பன்னா?"

"நீங்க அந்த 'இப்ப'ங்கிறதைப் புடிச்சுக்கிட்டு அங்க உக்காந்து கவலைப்படுவீங்க. நான் அதுக்கு மேல சொல்ல மாட்டேன்."

பனி வந்து எதிர் மலையை மூடிவிட்டது. அவள் வண்டியை ஸ்டார்ட் பண்ணினாள். பாதை குறுகலாக இருந்ததால் நான் பின்னால் போய்த் தூக்கித் திருப்பிக் கொடுத்தேன். நினைத்ததைவிட லேசாகத்தான் இருந்தது. அவள் முன்னால் போனாள். ஆ செங் என்னை ஏற்றிக்கொண்டு பின்னால் வந்தார். இறங்கும்போது என் தோளைத் தட்டி, "டீ குடி" என்றார்.

சிவப்பு வண்டிக்கு அவளிடம் அறுநூறு வெள்ளிப் பணம் குறைந்தது. என் இடுப்புப் பையில் இருந்தது. எதற்காகக் கொண்டுவந்தேன் என்று யாரும் கேட்கவில்லை. திருப்பித் தர வேண்டாம் என்றேன். "அப்படின்னா வண்டியே வேணாம்" என்றாள் லெட்சுமி. வாங்கிக்கொண்டு, திருப்பித் தருகிறேன் என்று அப்பா முன்னால் சொல்லிவிட்டுத்தான் சாவியைக் கையில் எடுத்தாள்.

இரண்டாவது ஸ்வெட்டரை அவளிடமே விட்டுவிட்டு வந்தேன். மேலே காற்று அதிகம்.

ஆ செங்கின் காய்கறி லோரி விடியலில் எங்கள் ஊர் மொத்தச் சந்தைக்கு வரும். அந்தக் கடன் பணத்தை லெட்சுமி லோரி டிரைவரிடம்தான் கொடுத்து அனுப்புகிறாள், ஐம்பது ஐம்பதாக, ஒரு முட்டைகோஸோடு. வேலைக்குப் போகும் முன் போய் வாங்கிக்கொள்வேன். "எப்படி இருக்கா?" என்று கேட்டால், "ஞாயித்துக்கிழமை ஆளே கிடையாது, மேட்டுக்கு அந்தாண்ட போயிருது" என்பார் டிரைவர். டயருக்கு மூன்று பவுண்டுக்கு மேல் அடிக்க வேண்டாம் என்று ஒவ்வொரு தடவையும் சொல்லி அனுப்புகிறேன். போன தடவை அவர், நிலத்தில் இப்போது போட்டிருக்கும் பூ நல்ல விலைக்குப் போவதால் மிச்சத்தை மொத்தமாக முடித்துவிடலாமா என்று லெட்சுமி கேட்கச் சொன்னதாகச் சொன்னார். அவசரமே இல்லை, மெதுவாகவே தரட்டும் என்று சொல்லுங்கள் என்றேன். இன்னும் இருநூற்றைம்பது வெள்ளி பாக்கி.